ஒரு பிள்ளைக்குப் பால், ஒரு பிள்ளைக்கு மா

"என்ர பிள்ளைக்குக் கூழ். அவன்ர பிள்ளைக்குப் பால். நல்ல நியாயம்தான்..."

தில்லைநாதன் குசினி வாசலில் நின்றபடி சொன்னான். விடியவே வயலுக்குப் போய், வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலை வரம்போரம் அள்ளிக் கொட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வந்திருந்தான். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. தேத்தண்ணியை அவன் கேட்கவில்லை.

இரஞ்சிதம் அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில், சேலைத் தலைப்புக்குள், பிறந்து இருபத்தைந்து நாளான ஆண்குழந்தை ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. வலது கை மண்சட்டியில் கிடந்த குரக்கனை, கேழ்வரகை, அகப்பையால் கிளறியது. கொஞ்சம் தள்ளிப் பாயில் அவளுடைய சொந்த மகள், ஆறு மாதத் தவமணி, கைமுட்டியை வாய்க்குள் வைத்துச் சூப்பிப் பார்த்து, அதில் ஒன்றும் வராததால் அழுதுகொண்டிருந்தாள்.

"கேக்குதோ? பிள்ளை அழுகுது."

"கேக்குது."

"அப்ப?"

"கஞ்சி காய்ச்சி வைச்சிருக்கிறன். ஆறட்டும், தீத்துறன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும். அழுகை இருந்திருந்தால் கொஞ்சம் இளகியும் இருப்பான். இரண்டுமில்லை. கொஞ்ச நாளாக அவள் இப்படித்தான். கேட்டதற்குப் பதில் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது.

"ஆம்பிளைப் பிள்ளை ஒண்டு கையில கிடைச்ச உடன பெத்த பிள்ளை மறந்து போச்சு, என்ன?"

அகப்பை நிற்கவில்லை. அவன் வந்த வழியே வயலுக்குத் திரும்பினான். ஊற்றி வைத்த தேத்தண்ணி அங்கேயே ஆறிப்போனது.

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் தில்லைநாதனும் அவன் தம்பி யோகநாதனும். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த இருவரையும் வளர்த்து ஆளாக்கியவள் அக்கா இராசேஸ்வரி. அவள் வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது கணவனை இழந்து தனியாக இருந்தாள். தம்பிமார் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. சேர்ந்தே காடு வெட்டினார்கள், ஒரே கொட்டிலில் இருந்தார்கள், யோகநாதன் இலட்சுமியைக் கல்யாணம் செய்யும்வரை இரஞ்சிதத்தின் பானையில்தான் அவனுக்கும் சோறு.

பிறகு ஒரு சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக அடிபட்டார்கள். தண்ணீர்முறை அண்ணனுடையது. அதற்கு முதலே மதகுப் பலகையை இழுத்துத் தன் பக்கம் திருப்பியவன் தம்பி. பேச்சு முற்றி, யோகநாதன் வீசிய மண்வெட்டிப் பிடி தில்லைநாதனின் இடது காதோடு பட்டது. அன்றோடு அந்தக் காது கேட்காமற் போயிற்று. இரண்டு காணிக்கும் நடுவே வேலி வந்தது. "இனி அவன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்று தில்லைநாதன் சொன்னதை இரஞ்சிதம் வயிற்றில் தவமணியைச் சுமந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் வந்தது வெள்ளம். வாய்க்காலும் வீதியும் எதுவென்று தெரியாமல் ஒன்றாகிவிட்டன. ரயில் ஓடவில்லை. கிளிநொச்சிக் கடைகளுக்குச் சாமான் வரவில்லை. வெள்ளத்தின் மூன்றாம் நாள் இலட்சுமிக்கு வலி கண்டது. அரசாங்க மருத்துவிச்சி யூலிற்றா முல்லைத்தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண், ஐம்பது வயதிருக்கும். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து பிள்ளையை எடுத்தாள். பிள்ளை வந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது.

யூலிற்றா குழந்தையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, வேலி மட்டையைக் கையால் பிரித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"இரஞ்சிதம், கேட்டு முடிவெடுக்கிற நேரம் இல்லை இது. இப்ப இவனுக்குக் குடுக்காட்டில் பின்னேரம் இருக்கமாட்டான்."

தில்லைநாதன் பக்கத்தில்தான் நின்றான். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரஞ்சிதம் கையை நீட்டி வாங்கினாள். அன்று மாலை மேட்டுக்காணியில் கிடங்கு வெட்டி இலட்சுமியை அடக்கம் செய்தார்கள். விறகெல்லாம் நனைந்திருந்ததால் கொள்ளி வைக்க முடியவில்லை. தூக்க நாலு பேர் வேண்டுமென்பதால் தில்லைநாதனும் போனான். தம்பியோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்து கால் கழுவினான்.

முதல் ஐந்து நாள் இரஞ்சிதம் இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். ஆறாம் நாள் இரண்டும் பசியில் கத்தின. வெள்ளத்தில் நெல் மூட்டை நனைந்துபோய், அவளுக்கே ஒருநேரக் கஞ்சிதான். அதிலிருந்து இரண்டு வாய்க்கு எப்படிப் பால் ஊறும்? யூலிற்றா வந்து பார்த்தாள். இரஞ்சிதத்தின் மெலிந்த தோளைப் பார்த்தாள், இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் குடுத்தால் ரெண்டு பேரும் போவினம். உன்ர மகள் மா தின்னலாம். வயசு வந்திட்டுது. இவன் தின்னமாட்டான். யோசிச்சுப் பார்."

"ரின் பால் இல்லையோ?" என்று கேட்டது தில்லைநாதன்.

"எங்கையிருந்து வரும்? வந்தாலும் இந்தத் தண்ணியில கரைச்சுப் பிறந்த பிள்ளைக்குக் குடுக்கிறதோ, தம்பி? பேந்து நான் அவனுக்குப் பெட்டிதான் அடிப்பிக்க வேணும்."

இரஞ்சிதம் யோசித்தாள். யோசிக்க அதிகம் இருக்கவில்லை. இவனைக் கீழே வைத்தால் சாவான். அவளைக் கீழே வைத்தால் மெலிவாள், ஆனால் இருப்பாள். பெரிய நன்மை ஒன்று செய்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு வரவில்லை. தன்னை நினைத்து இரக்கமும் வரவில்லை. மழைக்கு எதை உள்ளே எடுப்பது, எதை நனைய விடுவது என்று பார்க்கிற மாதிரித்தான் அது இருந்தது. அப்படி இருந்ததே பிழையோ என்று பிறகு பலநாள் யோசித்தாள்.

அன்றிலிருந்து மா அவளுடைய வேலை ஆயிற்று. பரணில் தப்பிக் கிடந்தது ஒரு மூட்டை குரக்கன். கல்லும் மண்ணும் போக மூன்று தண்ணீரில் அரித்து, ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தூக்கினால் இரண்டாம் நாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதைக் காயவைக்க வெயில் வேண்டும். அந்த மாதம் வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே சுளகைக் கட்டி, புகை படாமல் சூட்டில் மட்டும் காய விட்டாள். பிறகு கருகாமல் வறுக்க வேண்டும். சிவப்புப் பச்சையரிசி ஒரு பங்கு, தோல் நீக்கிய பயறு அரைப் பங்கு, அவையும் வெவ்வேறாக வறுபட வேண்டும். ஒன்றாகப் போட்டால் அரிசி வறுபடுமுன்பே பயறு கருகிவிடும். எல்லாம் ஆறிய பிறகு திரிகையில் போட்டு அரைத்து, பழைய வேட்டித் துண்டில் மூன்று தரம் அரிப்பாள். முதல் தரம் அரித்த மா விரலுக்கு நயமாக இருக்கும், ஆனால் குழந்தையின் தொண்டைக்கு அது போதாது என்று யூலிற்றா சொல்லியிருந்தாள். அரித்ததை மூடி இறுக்கமான தகர ரின்னில் போட்டு வைப்பாள். ஒரு கரண்டி மாவைக் கொதித்தாறிய தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துத் துழாவினால் பளபளவென்று வரும். நகத்தளவு பனங்கட்டி. அவ்வளவுதான்.

தவமணி முதல் நாள் துப்பினாள். இரண்டாம் நாளும் துப்பினாள். நாலாம் நாள் விழுங்கினாள். இரஞ்சிதம் தோளில் சின்னவனைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அவளுக்குத் தீத்தினாள். மகள் கஞ்சியை விழுங்கிவிட்டு மார்பை நோக்கிச் சரிவாள். அவளை நிமிர்த்தி அடுத்த கரண்டியை வைப்பாள். அந்த இடத்தில் ஒரு தாய்க்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

தை மாதக் கடைசியில் ஒரு பின்னேரம். இரஞ்சிதம் அறைக்குள் சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே தவமணி அழும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை நின்றது. வெளியே வந்து பார்த்தபோது பிள்ளையின் நாடியும் சட்டையும் நனைந்திருந்தன. பாய்க்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை, அடியில் கொஞ்சம் தண்ணீர். கிணற்றடியில் வாளி சரிந்து கிடந்தது. தில்லைநாதன் படலையைத் திறந்துகொண்டு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

சிரட்டையை முகர்ந்தாள். சேற்று மணம். வெள்ளம் புகுந்த கிணறு, இன்னும் இறைத்துத் துப்புரவாக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் அவள் பாத்திரம் கழுவக்கூட எடுப்பதில்லை. சிரட்டையை எடுத்துக் கொண்டுபோய்க் கூரைத் தாவாரத்தில் செருகினாள்.

மூன்றாம் நாள் தவமணிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. நிற்கவில்லை. கண் குழி விழுந்தது. தூக்கினால் தலை பின்னால் சரிந்தது. கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் மருந்தெடுத்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தில்லைநாதன் குசினிக்குள் போய் மா ரின்னை எடுத்து வந்து முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டினான்.

"இந்த மாதான்... இந்தக் கறுமம்தான் என்ர பிள்ளையைக் கொல்லுது. ஆறு மாசப் பிள்ளைக்குக் குரக்கன்! மாட்டுக்குக்கூட வடிவாப் பாத்துத்தான் போடுவாங்கள். பால் நெஞ்சில இருக்க, பெத்த பிள்ளைக்கு மா கரைச்சுப் பருக்கிற தாயை நான் எங்கையும் கண்டதில்லை..."

கோழிகள் ஓடிவந்து கொத்தின. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முற்றத்தில் நின்றான். ஒரு சொல் இரஞ்சிதத்தின் வாய்வரை வந்தது. சொன்னால் இந்தப் பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் அவன் கை பிள்ளையின் முதுகைப் பிடித்திருந்த விதத்தை அவள் பார்த்தாள். இந்தப் பிள்ளை பிழைக்காவிட்டால் அந்தக் கையோடு அவன் எப்படி இருப்பான் என்று நினைத்தாள். சொல்லவில்லை.

சொல்லாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமாகவும் இருக்கவில்லை. அதுதான் அவளுக்கே விளங்காமல் இருந்தது.

கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுச் சொட்டுச் சொட்டாகப் பருக்கி, எட்டு நாளில் தவமணி கண் திறந்து பார்த்தாள். ஆனால் அதற்குள் தில்லைநாதன் கடிதம் போட்டு, நெளுக்குளத்திலிருந்து இராசேஸ்வரி வந்து இறங்கியிருந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பத்து மாசம் சுமந்த பிள்ளையை இப்பிடிக் எலும்பும் தோலுமா ஆக்கி வைச்சிருக்கிறியே, இரஞ்சிதம்... மற்றவனும் என்ர தம்பியின்ர பிள்ளைதான், இல்லை எண்டேல்லை. அதுக்காகச் சொந்தப் பிள்ளையைப் பட்டினி போடுறதோ? ஊர் என்ன கதைக்கும்?"

"பட்டினி போடேல்லை, மச்சாள்."

"பின்னை இது என்ன? இந்தக் கையைப் பார்..." அவள் தவமணியின் கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் தோல் மடிந்து கிடந்தது. "நான் கொண்டு போறன். ரின் பால் குடுத்து வளக்கிறன்."

"நீயும் அக்காவோட போ" என்றான் தில்லைநாதன். "அவனை அவன்ர தகப்பனட்டைக் குடுத்திட்டுப் போ."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஏணையில் சின்னவன் புரண்டான். நாற்பத்தைந்து நாள். இரஞ்சிதம் ஏணைக் கயிற்றைப் பிடித்து ஆட்டினாள்.

"நீங்கள் கொண்டு போங்கோ, மச்சாள்" என்றாள்.

தில்லைநாதன் வெளியே போய்விட்டான். இராசேஸ்வரி வாயில் கையை வைத்தாள். இரஞ்சிதம் பிள்ளையின் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தாள். அடியில் புதிதாக அரைத்த மா ரின்னை வைத்தாள்.

"உந்த ரின்னை எடு வெளியால."

இராசேஸ்வரியே அதை எடுத்துக் கதிரையில் வைத்தாள். இரஞ்சிதம் திரும்பவும் எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒரு கரண்டிதான், மச்சாள். தண்ணி கொதிச்சாற வேணும். கட்டி விழாமல் கரைக்க வேணும். முதல் வாய் துப்புவாள், அதைப் பாக்காதையுங்கோ."

இரண்டாம் முறை இராசேஸ்வரி அதை எடுக்கவில்லை. படலைவரை பிள்ளை திரும்பிப் பார்த்தபடியே போனது. வண்டில் போன பிறகு இரஞ்சிதம் உள்ளே வந்து அடுப்பை மூட்டினாள். சின்னவன் குடிக்கும்போது மற்றப் பக்கத்து மார்பும் ஊறிச் சட்டையை நனைத்தது. துடைக்காமல் விட்டாள்.

மாசியும் பங்குனியும் போயின. வெள்ளம் தின்றது போக மிஞ்சிய நெல்லை அறுத்தார்கள். தில்லைநாதன் அதே வீட்டில்தான் இருந்தான், அவள் போட்ட சோற்றைத்தான் சாப்பிட்டான், ஆனால் அவளோடு பேசுவதை விட்டுவிட்டான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நெளுக்குளம் போய் வருவான். பிள்ளை எப்படி என்று அவள் கேட்பாள். "இருக்கிறாள்" என்பான். அவ்வளவுதான்.

இரஞ்சிதம் ஒவ்வொரு கிழமையும் மா அரைத்தாள். வவுனியாவுக்கு நெல்லேற்றிப் போகும் லொறிக்காரர் வீரகத்தியிடம் ரின்னைக் கொடுத்து, "நெளுக்குளத்துச் சந்திக் கடையில குடுத்துவிடுங்கோ அண்ணை, இராசேஸ்வரி எண்டு சொன்னால் தெரியும்" என்பாள். பதில் வராது. வெற்று ரின்னும் வராது. வீட்டிலிருந்த ரின்கள் முடிந்தபின் அயலில் கேட்டு வாங்கினாள். அந்த மாவைக் கோழிக்குப் போடுகிறார்களோ என்னவோ. இருந்தாலும் அடுத்த கிழமை குரக்கன் ஊறப்போட்டாள். ஏன் என்று அவளே தன்னைக் கேட்கவில்லை.

யோகநாதன் மாலையில் வேலியடிக்கு வருவான். கொத்திய விறகையோ, குளத்து மீனையோ வேலிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நிற்பான். அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். இலட்சுமியின் முப்பத்தொன்றாம் நாள் கழிந்தபோது ஒருமுறை பேசினான்.

"மச்சாள்... பிள்ளைக்கு நீங்களே ஒரு பேரை வையுங்கோ."

"அவள் நினைச்சு வைச்ச பேர் ஒண்டும் இல்லையோ?"

அவன் வேலி மட்டை ஒன்றை நிமிர்த்திவிட்டான். "கருணாகரன் எண்டு சொல்லுவாள்."

"அப்ப அதுதான்."

சித்திரை பிறந்து சில நாளில் யூலிற்றா வந்தாள். பிள்ளைகளை நிறுக்கிற தராசைத் தோளில் தூக்கிக்கொண்டு காணி காணியாகப் போகிற நாள் அது. முற்றத்து மரக்கிளையில் தராசைக் கொழுவி, கருணாகரனைத் துணியில் வைத்துத் தூக்கினாள். பிள்ளை காலை உதைத்தான். தில்லைநாதன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அந்தப் பக்கமாகப் போனான்.

"நல்ல பாரம். எங்கை மூத்தவள்?" என்று யூலிற்றா கேட்டாள். "அவளைக் காணேல்லை?"

தில்லைநாதன் திரும்பி வந்தான்.

"நெளுக்குளத்தில. இவவின்ர மாவைத் தின்னக் குடுத்து வயித்தோட்டம் வந்து சாகக் கிடந்தாள். அதுதான் அக்கா கொண்டு போட்டா."

யூலிற்றா தராசைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "என்னெண்டு மாவிலை வரும்? நாலு கிழமை தின்னும்வரைக்கும் வராதது பேந்து என்னெண்டு வரும்? தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடுத்தனியோ, இரஞ்சிதம்?"

"இல்லை."

"வேற ஆரும்? தம்பி, நான் இந்தப் பக்கத்தில அந்த மாசம் மட்டும் ஏழு பிள்ளையளைப் பாத்தனான். எல்லாம் கிணத்துத் தண்ணி. ஒரு முடறு பச்சைத் தண்ணி போனால் காணும். ரெண்டு மூண்டு நாளில தொடங்கும். குரக்கன் பாவம், அது என்ன செய்தது..."

அவள் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த காணிக்குப் போனாள். தில்லைநாதன் அந்த இடத்திலேயே நின்றான். மாடு கத்தியது.

இரஞ்சிதம் துணியை மடித்துக்கொண்டு அவனுடைய இடது பக்கமாகக் கடந்து போனாள்.

"அண்டைக்கு... நான் ஒரு சிரட்டையில..." என்றான்.

"ஓம். நான்தான் எடுத்து வைச்சனான்."

அவன் தலையைத் திருப்பிக் கேட்கும் காதை அவள் பக்கம் வைத்தான். "திரும்பச் சொல்லு."

"சிரட்டையை நான்தான் எடுத்து வைச்சனான்."

"அப்ப... உனக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரியும்."

"நான் மாவைக் கொட்டேக்க தெரியும். அக்கா வந்து உன்னை அவ்வளவு கதைக்கேக்க தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகேக்க..." அவனால் முடிக்க முடியவில்லை. "ஏன் சொல்லேல்லை? ஏன் இரஞ்சிதம் சொல்லேல்லை?"

"பிள்ளை அழுதது. நீங்கள் தண்ணி குடுத்தனீங்கள். அதில என்ன பிழை கண்டு நான் சொல்லுறது? அவள் அண்டைக்குப் போயிருந்தால்... நீங்கள் அதோட என்னெண்டு இருப்பீங்கள்? என்னை நினைச்சுக் கோவிச்சுக்கொண்டு இருக்கிறது சுகம்."

தில்லைநாதன் குந்தி உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தலையில் கையை வைத்தாள், பிள்ளைகளின் தலையில் வைப்பதுபோல. அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அவன் வெளிக்கிட்டான். படலையால் போகாமல் வேலியடிக்குப் போனான். அந்தப் பக்கம் யோகநாதன் சாம்பலால் பல் விளக்கிக்கொண்டு நின்றான்.

"யோகன், நான் நெளுக்குளம் போட்டு வாறன். நாளைக்குத்தான் வருவன். மாட்டை ஒருக்காப் பாத்துக்கொள்."

யோகநாதனின் கை வாயடியிலேயே நின்றது. "ஓம் அண்ணை" என்றான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசியது அவ்வளவுதான். தில்லைநாதன் போன பிறகு யோகநாதன் கத்தியை எடுத்துவந்து, வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டையை வெட்டி ஒதுக்கிக் கடப்பு வைத்தான். அதன் வழியாக வந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டான்.

மறுநாள் மத்தியானம் வண்டில் வந்து நின்றது. முதலில் இறங்கியது இராசேஸ்வரி. இடுப்பில் தவமணி. ஒன்பது மாதம். கன்னம் உப்பி, கையில் மடிப்பு விழுந்து, வேறு யாரோ வீட்டுப் பிள்ளை போல இருந்தாள். பின்னால் தில்லைநாதன் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தான். உள்ளே ரின்கள் கலகலத்தன.

"ஒன்பது ரின்" என்றாள் இராசேஸ்வரி. "கழுவி வைச்சனான். திருப்பி அனுப்ப வெக்கமாக் கிடந்தது, இரஞ்சிதம். ரின் பால் குடுத்துப் பாத்தனான். ஒத்துக்கொள்ளேல்லை. குடிக்கிறதெல்லாம் சத்தியெடுத்தாள். நாலாம் நாள் வேற வழியில்லாமல் உன்ர மாவை எடுத்துக் கரைச்சனான். நீ சொன்ன மாதிரி ஒரு கரண்டி... விழுங்கினாள். அண்டையிலயிருந்து இந்தப் பிள்ளையை வளத்தது உன்ர கைதான். நான் இல்லை. தம்பி வரேக்கை ஒவ்வொரு முறையும் சொல்ல வேணும் எண்டு நினைப்பன். பேந்து, அவ்வளவு பேசிப்போட்டு எந்த வாயால சொல்லுறது எண்டு விட்டிடுவன். நேற்று இவன் வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதான். அதுக்குப் பிறகும் நான் மறைச்சால் நான் மனிசியில்லை..."

அவள் ஒரு கையால் இரஞ்சிதத்தை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை. வளத்த திமிரில கதைச்சுப்போட்டன்." இருவருக்கும் நடுவே நசுங்கிய தவமணி வீரிட்டாள். இரஞ்சிதம் அணைப்பிலிருந்து விலகிப் பிள்ளைக்குக் கை நீட்டினாள். தவமணி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, இராசேஸ்வரியின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

தில்லைநாதன் நிலத்தைப் பார்த்தான்.

"போடி, அம்மாவடி... போ" என்று இராசேஸ்வரி பிள்ளையைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தாள்.

"வேண்டாம், மச்சாள். பறிக்காதையுங்கோ." இரஞ்சிதம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவள் குரல் வழக்கம்போலவே இருந்தது. "அவளுக்கு நீங்கள்தானே தெரியும். கொஞ்ச நாள் இஞ்சை நில்லுங்கோ. மெல்ல மெல்லப் பழகட்டும்."

இராசேஸ்வரி நின்றாள். கருணாகரனைத் தில்லைநாதன்தான் இப்போது தூக்கிக்கொண்டு திரிந்தான். பால் குடிக்க மட்டும் கொண்டுவந்து கொடுப்பான். யோகநாதன் கடப்பால் வந்து இரண்டு நேரமும் அண்ணனோடு இருந்து சாப்பிட்டான். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அண்ணனின் வலது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். இரஞ்சிதம் கஞ்சி காய்ச்சிக் கிண்ணத்தை இராசேஸ்வரியிடம் கொடுப்பாள். இராசேஸ்வரி தீத்துவாள். இரஞ்சிதம் தூரத்தில் நின்று, எத்தனை கரண்டி போகிறது என்று பார்ப்பாள். மூன்றாம் நாள் ஒரு கரண்டியை அவளிடம் கொடுத்தார்கள். தவமணி பெரியத்தையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து வாங்கினாள்.

ஆறாம் நாள் காலை இராசேஸ்வரி கிணற்றடிக்குக் குளிக்கப் போயிருந்தாள். ஆண்கள் இருவரும் வாய்க்கால் துப்புரவாக்கப் போயிருந்தார்கள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த தவமணி எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள். தேடிய முகம் அங்கே இல்லை. உதடு பிதுங்கியது. குசினியில் மா அரித்துக்கொண்டிருந்த இரஞ்சிதம் அசையவில்லை. தான் எழுந்து போனால் பயந்து அழுவாள் என்று வேட்டித் துண்டைப் பிடித்தபடியே இருந்தாள்.

பிள்ளை தவழ்ந்து வந்தது. வாசற்படியில் கொஞ்சம் நின்றது. பிறகு உள்ளே வந்து அவளுடைய சேலையைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, தட்டுத்தடுமாறி எழுந்து நின்றது. நின்றபடியே அவளுடைய முகத்தைப் பார்த்தது. பிறகு மடியில் ஏறி, முன்பு சரிவதைப்போலவே அவள் நெஞ்சில் சரிந்தது.

கிணற்றடியில் இராசேஸ்வரிக்கு அழுகைச் சத்தம் கேட்டது. பிள்ளை தேடி அழுகிறது என்று நினைத்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈரச் சேலையோடு ஓடிவந்தாள். குசினி வாசலில் நின்றுவிட்டாள்.

அழுதது பிள்ளை இல்லை.